குதிக்குமுன் பார்க்காத பிள்ளை



கன்னடியன் கால்வாய்ப் பாலத்திலிருந்து பத்துப் பையன்கள் குதித்தால், ஒன்பது பேர் தண்ணி எவ்வளவு கிடக்குன்னு பார்த்துட்டுத்தான் குதிப்பார்கள். பார்க்காமல் குதிக்கிறானே ஒருவன், அவனைப் பற்றித்தான் பேச்சு.

வகுப்பில் பத்து நிமிஷம் உட்காரமாட்டான். கேள்வி முடியுமுன் பதில் சொல்வான். பென்சில் தினமும் தொலையும். "சேட்டைக்காரப் பய, ரெண்டு போட்டாச் சரியாயிடும்" என்கிறோம். 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தால், அது கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறாக இருக்கலாம். 'பொறு' என்று தடுக்கும் மூளைப் பகுதி இவர்களுக்கு மெதுவாக முதிர்கிறது. வளர்ப்புக் குறையல்ல, மாமியார் மருமகளைச் சாட வேண்டாம்.

மீசை அரும்பும்போது ஓட்டம் குறையும். அவசரபுத்தி பலருக்குப் போகாது. பீடி, மது, பைக் வேகம் என்று வழி தேடும். சுவீடனில் 17,000 பேருக்கு மேல் கவனித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், இவர்களுக்குப் பெரிய வாகன விபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆண்கள் மருந்து சாப்பிட்ட காலங்களில் அது பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

18 வயதாகாத மகனிடம் பைக் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019 சட்டத் திருத்தப்படி பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை. அபராதம் கிடக்கட்டும், பிள்ளை?

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். 14416-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள், காசு கிடையாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இருவரும் சேர்ந்து போங்கள். வீட்டில் பையன் எப்படின்னு அம்மாவுக்குத் தெரியும்; வயக்காட்டில் எப்படின்னு அப்பாவுக்குத்தான் தெரியும்.