புகழ்ந்த வாய் இகழ்ந்தது ஏன்?

(தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



"கீழ்நாட்டான் சோம்பேறி, நாங்கள் வந்துதான் நாகரிகம் கொடுத்தோம்" என்ற பேச்சை வெள்ளைக்காரன் எப்போது பேச ஆரம்பித்தான்? வந்து இறங்கிய அன்றைக்கே பேசினானா? இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் வியாபாரி மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். அரசன் மேனியில் கிடந்த முத்தையும் இரத்தினத்தையும் கண்டு வாய் பிளந்தார். 1615ல் இங்கிலாந்தின் தூதர் தாமஸ் ரோ வந்தார். வியாபாரச் சலுகை கேட்டு ஜஹாங்கீர் தர்பாரில் ஏறக்குறைய மூன்று வருஷம் காத்துக் கிடந்தார். அவர் கொண்டுவந்த பரிசுகள் அங்கே எடுபடவில்லை! பிறகு வந்த பிரெஞ்சு வைத்தியர் பெர்னியர், வங்காளத்தின் அரிசியையும் துணியையும் பட்டையும் புகழ்ந்தார். உலகத்துத் தங்கமும் வெள்ளியும் கடைசியில் இந்துஸ்தானத்தில்தான் வந்து சேருகின்றன என்று எழுதினார்.

ஏன் இத்தனை மரியாதை? அவர்கள் வாங்க வந்தவர்கள். பதிலுக்கு விற்க அவர்களிடம் சரக்கு இல்லை.

இந்தப் புகழ்ச்சியில் நாமும் மயங்கிவிட வேண்டாம். அதே காலத்தில் டவர்னியர் என்ற நகை வியாபாரி கோல்கொண்டா வைரச் சுரங்கங்களைப் போய்ப் பார்த்தார். கொல்லூரில் ஏறக்குறைய 60,000 பேர் வேலை செய்தார்கள் என்கிறார். ஆண்கள் வெட்டினார்கள், பெண்களும் குழந்தைகளும் மண் சுமந்தார்கள். இன்னொரு சுரங்கத்தில் தொழில் நன்கு தெரிந்த ஆளுக்கே வருஷக் கூலி மூன்று வராகன்தான். கல்லை விழுங்கிவிடுவானோ என்று காவல் வேறு! வியாபாரி என்பதால் கூலிக் கணக்கு அவர் கண்ணில் பட்டது போலும். மற்றவர்கள் தர்பாரைத் தாண்டிப் பார்த்தது குறைவு.

1757ல் பிளாசி. 1765ல் வங்காளத்தின் வரி வசூல் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1770ல் பஞ்சம் லட்சக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. வாங்க வந்தவன் வசூலிக்கிறவன் ஆனான். பேச்சும் மாறியது. எல்லா வெள்ளையரும் ஒரே மாதிரி எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எது செல்லுபடியாயிற்று? 1817ல் ஜேம்ஸ் மில் இந்திய சரித்திரம் எழுதினார். இந்திய மண்ணை மிதிக்காதவர். ஒரு இந்திய மொழியும் அறியாதவர். அதையே தமது தகுதி என்றும் வாதாடினார்! நம்மை நாகரிகத்தில் தாழ்ந்தவர்கள் என்று தீர்ப்பெழுதினார். இரண்டு வருஷத்தில் அவருக்குக் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்தது. கம்பெனி அதிகாரிகளைத் தயாரித்த ஹெய்லிபரி கல்லூரியில் அந்த நூலே பாடமாயிற்று. இந்திய சீட்டித் துணிக்குப் பயந்து 1700ல் தடைச் சட்டம் போட்ட அதே இங்கிலாந்துதான் இது. இப்போது லங்காஷயர் துணியை நம் தலையில் கட்டிக்கொண்டிருந்தது.

பெர்னியரிடம் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. கீழ்நாட்டில் நிலமெல்லாம் அரசனுக்கே சொந்தம், தனிச் சொத்து இல்லை என்றார் அவர். 1853ல் மார்க்ஸ் அதைப் படித்து, சரியென்றே எடுத்துக்கொண்டு எங்கெல்சுக்கு எழுதினார். 1963ல் இர்ஃபான் ஹபீப், அவரும் மார்க்சியவாதிதான், மொகலாயர் கால ஆவணங்களை அலசி நூல் வெளியிட்டார். உழவனுக்குப் பரம்பரை உரிமை இருந்தது, ஜமீன் உரிமை விலைக்கு வாங்கவும் விற்கவும் பட்டது என்று காட்டினார். அந்த உரிமை உழவனை நிலத்தோடு எப்படிக் கட்டிப்போட்டது என்பதை அடுத்த வகுப்பில் பேசுவோம்.