தோழமையும் பொறாமையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

வள்ளுவப் பெருந்தகையார் அழுக்காறாமையை அறத்துப்பாலில் வைத்தார். நட்பைப் பொருட்பாலில் ஐந்து அதிகாரங்களில் விரித்தார். அழுக்காறும் நட்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் விந்தையைக் கதைகளே நன்கு காட்டுகின்றன. அவற்றுள் இரண்டை இன்று எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, பாரதக் கதை. பாஞ்சால இளவரசன் துருபதனும் முனிவர் மகன் துரோணரும் ஓர் ஆசிரமத்தில் உடன் பயின்றனர். தான் அரசெய்தினால் அது தோழனுக்கும் உரியது என்றான் இளவரசன். ஆண்டுகள் சென்றன. துரோணர் வீட்டில் பால் இல்லை. மாவு கரைத்த நீரைப் பாலென நம்பிக் குடித்து மகிழ்ந்து ஆடினான் மகன் அசுவத்தாமன். அது கண்டு பொறாத தந்தை பழைய தோழனை நாடிச் சென்றார். நிகரில்லாதாரிடையே நட்பேது என்றான் மன்னன்.

இதன்பின் துரோணர் உள்ளத்தில் கனன்றது மானமா, பொறாமையா? மானம் மட்டுமே எனின், அருச்சுனன் துருபதனைப் பிணித்துக் கொணர்ந்த அன்றே அது தணிந்திருக்கும். துரோணரோ நாட்டை இரண்டாக வகுத்தார். கங்கைக்கு வடபால் தமக்கு, தென்பால் தோழனுக்கு. இனி இருவரும் நிகர், ஆதலின் நண்பர் என்றார்! முழுவதும் வேண்டார், குறைவும் பொறார். பகைவன்மேல் எழும் சினத்திற்கு இக்கணக்குத் தெரியாது. வழிப்போக்கனின் செல்வம் நம்மை வருத்துவதில்லை. உடன் தொடங்கியவனே நமக்கு அளவுகோல் ஆகின்றான். முடிவை அறிவோம். குருட்சேத்திரத்தில் துருபதன் துரோணரால் மாண்டான். துரோணர் துருபதன் மகன் திட்டத்துய்மனால் மாண்டார்.

இரண்டாவது, இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்டே 2011 முதல் 2014 வரை நான்கு பாகங்களாக வெளியிட்ட நாவல். நேப்பிள்ஸ் நகரின் ஏழைத் தெருவில் செருப்புத் தைப்பவர் மகள் லீலாவும், நகராட்சி வாயிற்காவலர் மகள் எலெனாவும் தோழியர். லீலாவின் பள்ளிப்படிப்பு தொடக்கநிலையோடு நின்றது. எலெனா கற்று எழுத்தாளர் ஆனாள். ஆயினும் தன் எழுத்தின் ஒளி லீலாவிடம் கடன் பெற்றதோ என்னும் ஐயம் அவளை விட்டு நீங்கவில்லை. முதற்பாகத்தின் பெயர், அறிவிற் சிறந்த தோழி என்னும் பொருளது. எலெனா லீலாவைக் குறித்துச் சொல்வது அது என்று எண்ணியே படிக்கின்றோம். லீலாவோ தன் திருமண நாளில் எலெனாவை நோக்கி அதனைச் சொல்கின்றாள்! துருபதன் வாயில் வாராத சொல் அது.

நம் கிட்வாய் நகருக்கு வருவோம். ஒரே ஆண்டில் தேர்வெழுதி, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்திறங்கி, அரசுப் பணியில் அமர்ந்தோர் நம்முள் பலர். ஒதுக்கப்பெற்ற வீட்டின் வகையே பதவியை ஊருக்கு அறிவித்துவிடும். ஒருவர் உயர்வு பெற்றுப் பெரிய வீட்டிற்குப் பெயர்ந்தபின், நாள்தோறும் நிகழ்ந்த சந்திப்பு தீபாவளி, பொங்கல் எனச் சுருங்குவதை நாம் கண்டிருக்கின்றோம். கிழக்குப் பகுதியின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அங்கே அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அவ்வீடுகளில் கழிந்த நம் இளமைக்குச் சான்று அந்நண்பரே. அவரையும் இழப்போமாயின், நம்மை அன்று முதல் அறிந்தவர் இவ்வூரில் யார் உளர்?

ஆதலின், உயர்ந்தவர் முதலில் படியேறி வருவாராக. மற்றவர் லீலாவைப்போல் மனமார ஒரு சொல் சொல்வாராக. பொறாமை அற்றுப்போகாது, ஆயினும் நட்பு நிற்கும்.