நாயின் அரிப்பும் கைமருந்தும்

நாய் ஓயாமல் சொறிந்துகொள்வது பெரும்பாலும் வேறொரு கோளாற்றின் அறிகுறியே என்பதால், மருந்தைத் தேடுமுன் காரணத்தைத் தேடுவதே முறை. வாலின் அடிப்பகுதியையும் பின்தொடையையும் கடித்துக்கொண்டேயிருக்கும் நாயின் மயிரைச் சீப்பால் வாரி, உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் இடும்போது அது செம்பழுப்பாகக் கசியுமாயின், அப்பொடி தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். அப்பூச்சியின் உமிழ்நீரால் விளையும் ஒவ்வாமையே அரிப்பாக வெளிப்படுகிறது எனலாம்.

வறண்ட தோலின் அரிப்பைத் தணிக்க ஓட்ஸ் குளியல் நம்பத்தக்கது. சர்க்கரையும் சுவையூட்டியும் சேராத ஓட்ஸை நைஸாக அரைத்து, வெதுவெதுப்பான நீர் பால்போலக் கலங்கும்வரை கரைத்து, அதில் நாயைச் சுமார் 10 நிமிடம் ஊறவைத்தால், அத்தானியத்திலுள்ள அவெனாந்திரமைடு எனும், அழற்சியைத் தணிக்கும் வேதிப்பொருள் தோலை ஆற்றுகிறது. தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவலாம். அளவு மிஞ்சினால் நாய் அதை நக்கி விழுங்கி வயிற்றுப்போக்குக்கு ஆளாகும்.

இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. தேயிலை மர எண்ணெய் நாய்க்கு நஞ்சு. சொறிக்கு வண்டியின் கழிவு எண்ணெயைப் பூசும் வழக்கமோ வெறும் கொடுமை. மயிர் கொட்டிப் பொருக்குத் தட்டும் சொறி, சார்கோப்டிஸ் எனும் நுண்ணுண்ணி தோலுக்குள் வளை தோண்டுவதால் வரக்கூடியது, வீட்டாருக்கும் தொற்றக்கூடியது. ஆதலால் கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து மருந்து தருவதே அதற்கு வழி.