நீரை வடித்துப் பருகும் நோன்பு



காஞ்சியில் வேகவதிக் கரைத் திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி எனப் போற்றப்படுவது. பெயரிலேயே பருத்தியைத் தாங்கியது. பருத்தித் துணியில் நீரை வடித்துப் பருகுவது சமண இல்லறத்தார் கடமை. சிற்றுயிர்க்கு இரங்கி எழுந்த நோன்பு அது. இன்றோ நீரில் உயிரற்ற துகள்களும் கலந்துள்ளன. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய அத்துகள்களே நுண்நெகிழி.

2022-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 22 பேரின் குருதியைச் சோதித்து, 17 பேரிடம் நெகிழியைக் கண்டனர். 2024-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவில் நெகிழி இருந்த நோயாளிகளுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கரை மடங்கு மிகுந்திருந்தது. நெகிழியே காரணம் என அவ்வாய்வு நிறுவவில்லை. எனினும் எச்சரிக்கை போதும்.

மிக நுண்ணிய துகள்கள் துணியின் கண்களில் நழுவிவிடும். ஆயினும், காய்ச்சிய நீரையே பருகும் துறவியர் வழக்கம் இங்கே துணைநிற்கிறது. கடின நீரை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால், படியும் சுண்ணாம்பு துகள்களைப் பற்றிக்கொள்ளும். பின்னர் வடித்தால் பெரும்பகுதி நீங்கும் எனச் சீன ஆய்வாளர்கள் 2024-இல் கண்டனர்.

வடிதுணி பருத்தியாகவே இருக்கட்டும். பாலியெஸ்டர் தானே இழை உதிர்ப்பது. காய்ச்சிய நீர் எவர்சில்வர் குடத்தில் நிறையட்டும். விழாப் பந்தியில் நெகிழிக் குவளை வேண்டா. பிற உயிர்க்கெனத் தோன்றிய நோன்பு நம்முயிர்க்கும் காவலாகுக!