பெயரும் எண்ணிக்கையும்



போர் என்றதும் நம் நினைவுக்கு வருவன தளபதிகளின் பெயர்கள். எந்த மார்ஷல் திட்டம் தீட்டினார், எந்த அமைச்சர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார் என்பதையெல்லாம் ஏடுகள் பக்கம் பக்கமாகப் பேசும். அந்தத் திட்டத்துக்காகச் செத்தவன் பெயரை யார் கேட்கிறார்கள்? இன்று அதைக் கேட்பதற்காகவே உங்களை ஓர் இடுகாட்டுக்கு அழைத்துச் செல்கிறேன்.

பெல்ஜியம் நாட்டில் மான்ஸ் நகருக்கு அருகே சென் சிம்போரியன் என்றோர் இடம். 1914 ஆகஸ்ட் 23 ஆம் நாள் மான்ஸில் பிரிட்டிஷ் படையும் ஜெர்மானியப் படையும் மோதின. பிரிட்டிஷார் பின்வாங்கினர். களத்தில் கிடந்த பிணங்களைப் புதைக்க ஜெர்மானியர் இடம் தேடினர். நிலத்துக்கு உரியவர் இடம் தர இசைந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். இரு தரப்பு வீரர்களுக்கும் ஒரே மரியாதை செய்ய வேண்டும் என்பதே அது. பகைவர்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். அவர்களுள் இருவர் கதையைக் கேளுங்கள்.

ஒருவன் ஜான் பார். லண்டனின் வடபகுதியைச் சேர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளை. செல்வர்கள் கோல்ப் விளையாடும் மைதானத்தில் அவர்களுடைய மட்டைப் பையைச் சுமந்து பிழைத்தவன். பதினைந்து வயதில், பதினெட்டு என்று பொய் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தான். ஐந்தடி மூன்று அங்குல உயரமே உள்ள சிறுவனைப் பார்த்த அதிகாரிகளுக்கு உண்மை விளங்காமலா இருந்திருக்கும்? ஆள் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

மிடில்செக்ஸ் படைப்பிரிவில், சைக்கிளில் சென்று பகைவர் இருப்பிடத்தை அறிந்து வரும் வேலை அவனுக்கு. 1914 ஆகஸ்ட் 21 ஆம் நாள், மான்ஸ் போருக்கு இரண்டு நாள் முன்னர், தோழன் ஒருவனோடு ஒபூர் என்ற ஊரின் பக்கம் போனான். ஜெர்மானியக் குதிரைப் படையினர் எதிர்ப்பட்டனர். தோழனைச் செய்தியோடு திருப்பி அனுப்பிவிட்டு, ஜான் பார் நின்று சுட்டான் என்பது வழங்கிவரும் வரலாறு. அவன் திரும்பவில்லை. அந்தப் பெரும் போரில் மாண்ட முதல் பிரிட்டிஷ் சிப்பாய் அவனே என்று கருதப்படுகிறது. மகன் என்ன ஆனான் என்று தாய் எழுதிக் கேட்டபோது, படைப்பிரிவால் பதில் சொல்ல இயலவில்லை. அவன் கல்லறையில் வயது இருபது என்று பொறித்திருக்கிறார்கள். செத்தபோது அவனுக்கு வயது பதினேழு!

மற்றவர் ஜார்ஜ் எல்லிசன். யார்க் நகரில் பிறந்து, இளமையில் பட்டாளத்தில் பணியாற்றி, பின்னர் லீட்ஸ் நகரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியானவர். மணம் புரிந்துகொண்டார், ஓர் ஆண் குழந்தையும் பிறந்தது. 1914இல் போர் மூண்டதும் பழைய சிப்பாய்களைத் திரும்ப அழைத்தார்கள். சுரங்கத்தை விட்டுக் குதிரைப் படைக்குப் போனார். மான்ஸில் பின்வாங்கியவர்களுள் அவரும் ஒருவர். ஈப்ரே, லூஸ், காம்ப்ரே என்று அந்தப் போரின் கொடிய களங்களையெல்லாம் கண்டார். நான்கு ஆண்டும் உயிரோடிருந்தார். 1918 நவம்பரில், தொடங்கிய இடத்துக்கே, மான்ஸ் நகரின் எல்லைக்கே வந்து சேர்ந்தார்.

நவம்பர் 11 விடியற்காலை ஐந்து மணியளவில் போர் நிறுத்த ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. ஆனால் துப்பாக்கிகள் ஓய வேண்டிய நேரம் காலை பதினொரு மணி! பேச்சு நடக்கும்போதே சண்டையை நிறுத்துங்கள் என்று ஜெர்மானியத் தூதர்கள் மூன்று நாள் முன்னரே கேட்டார்கள். மார்ஷல் போஷ் மறுத்துவிட்டார். செய்தி எல்லா முனைகளுக்கும் எட்ட நேரம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஆனால், செய்தி எட்டிய இடங்களிலும் படைகளை முன்னே அனுப்பினார்களே, அது எதற்காக? காலை 9.30 மணியளவில் ரோந்து சென்ற எல்லிசன் சுடப்பட்டு மாண்டார். போரில் இறந்த கடைசி பிரிட்டிஷ் சிப்பாய் என்று அவரையே சொல்கிறார்கள். இன்னும் சில நாளில் அவர் மகனுக்கு ஐந்து வயது நிறைவதாக இருந்தது. மணி 10.58க்கு, ஜார்ஜ் பிரைஸ் என்ற கனடா நாட்டுச் சிப்பாய் அருகிலுள்ள ஊரில் மாண்டான். அவனும் இதே இடுகாட்டில்தான் இருக்கிறான். அந்த ஒரு நாளில் மட்டும் இரு தரப்பிலும் ஏறத்தாழ 2,700 பேர் இறந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எல்லிசனைப் புதைத்தவர்கள் அறியாமலே ஒன்று நிகழ்ந்தது. முதலில் மாண்ட சிறுவனின் கல்லறையும் கடைசியில் மாண்ட தொழிலாளியின் கல்லறையும் எதிரெதிரே அமைந்துவிட்டன. இடையே சில கஜ தூரம். அந்தச் சில கஜத்தை நடந்து கடக்கப் பிரிட்டிஷ் பேரரசு கொடுத்த விலை 9 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள்! அவர்களுள் ஏறத்தாழ 74,000 பேர் இந்தியச் சிப்பாய்கள்.

தோழர்களே! ஒரு நல்ல செயலையும் மறைக்காமல் சொல்கிறேன். 1917இல் கல்லறைகளைப் பேண ஓர் ஆணையம் அமைத்தார்கள். பிரபுவின் மகனுக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஒரே அளவுக் கல். பதவி பார்த்துப் பெரிது சிறிது கிடையாது. ஒவ்வொருவர் பெயரையும் பொறிக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அதனால்தான் பை சுமந்த சிறுவனின் பெயர் நூறாண்டுக்குப் பின்னும் நமக்குத் தெரிகிறது. விதி நல்ல விதி. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தியதா?

பிரான்சில் நெவ் ஷப்பேல் நினைவுச் சின்னத்தில் 4,700க்கு மேற்பட்ட இந்தியர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். அங்கே சிப்பாயின் பெயரும் உண்டு. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்துக்கு வாருங்கள். மெசபொடேமியப் பாலையில் மாண்டு, கல்லறையும் இல்லாமற்போன 40,000க்கு மேற்பட்டோருக்காக எழுந்தது அது. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அங்கே பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணிக்கை! ஐரோப்பியர் வந்து பார்க்கும் இடத்தில் பெயர். யாரும் வாராத பாலையில் எண்ணிக்கை! ஆப்பிரிக்கச் சுமைகூலிகள் பலருக்கு அந்த எண்ணிக்கையும் இல்லை. குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ, அடியோடு நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்று 2021இல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

மெசபொடேமியாவில் சென்னைச் சாப்பர் படையினரும் பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள், மாண்டார்கள். நம் நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்றும் ஒரு சிறு பளிங்குக் கல் சுவரில் பதிந்திருக்கக் காணலாம். இந்த ஊரிலிருந்து பெரும் போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று அது கூறும். யார் என்று கூறாது. 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பலின் பெயர் எம்டன். பொல்லாத ஆளை ‘எம்டன்’ என்று நம் தெருக்களில் சொல்வார்கள். பகைவன் கப்பல் பெயர் நம் நாவில் நின்றது; பக்கத்துத் தெருப் பிள்ளையின் பெயர் கல்லிலும் நிற்கவில்லை!

பெயர் தெரியாததால் விட்டார்கள் என்று எண்ணாதீர்கள். ஆள் சேர்த்தபோது அவன் பெயர், தந்தை பெயர், ஊர், சாதி எல்லாம் எழுதிக்கொண்டுதான் சேர்த்தார்கள். போர் முடிந்ததும் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் அவன் எண்ணும் பெயரும் பொறித்துத்தான் கொடுத்தார்கள். அந்தப் பதக்கம் எத்தனை வீடுகளில் வறுமைக்கு விலையாகி, உருக்கப்பட்டதோ!

அயலான் செய்த குறையை மட்டும் பேசிவிட்டுக் கலைவது நமக்கு அழகன்று. அவன் எண்ணிக்கை எழுதினான். விடுதலை பெற்ற நாம், அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பெயரை எழுதினோமா? உங்கள் ஊர்ச் சாவடியில் அந்தக் கல் இருந்தால் போய்ப் பாருங்கள். பழைய குடும்பங்களின் பெட்டிகளில் பதக்கம் இருக்கலாம். ஓய்வூதியத் தாள் இருக்கலாம். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒரு கிழவி சொன்ன சொல் இருக்கலாம். கேட்டு எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டு எழுதச் செய்யுங்கள். அந்தக் கல்லின் அருகே இன்னொரு கல் நட அதிகச் செலவு ஆகாது.

எந்தப் போரை யார் மூட்டினார்கள், நியாயம் யார் பக்கம் என்பவற்றில் நமக்குள் வேறுபாடு இருக்கலாம். வயிற்றுக்காகப் பட்டாளம் போய் மாண்டவனுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதில் வேறுபாடு இருக்க முடியாது. சாவைத் தொகையாக மட்டும் எழுதுகிற அரசுக்கு, அடுத்த போரில் அந்தத் தொகையைக் கூட்டுவது எளிது. பெயர் பெயராக எழுதச் சொன்னால், கை சற்றே தயங்கும். அந்தத் தயக்கத்தை உண்டாக்குவது நம் கடமை.