இரைச்சலினூடே ஒரு குரல்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



காக்ளியர் இம்பிளாண்ட் என்னும் செவிக்கருவியை உள்காதில் பொருத்திக்கொண்டவர்களைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். அறுவை சிகிச்சை முடிந்தவுடன், "இனி நம்மைப் போலவே கேட்கும்" என்று நாம் எண்ணிவிடுகிறோம். அமைதியான அறையில் அவர்களுள் பலர் தொலைபேசியிலும் உரையாடுவர். அவர்களே திருமண விருந்திலும், மின்விசிறிகள் இரையும் வகுப்பறையிலும் திகைத்து நிற்பர். அழைத்தும் திரும்பாத பிள்ளையை அடங்காதவன் என்று கடிந்துகொள்கிறோம். அது பிள்ளையின் குற்றமன்று.

இயற்கையான காதில் ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச்செல்கள் ஒலியை நுணுக்கமாகப் பிரித்து நரம்புக்கு அளிக்கின்றன. கருவியில் அவ்வேலையைப் பெரும்பாலும் 12 முதல் 22 வரையிலான மின்முனைகளே செய்கின்றன. உள்காதின் திரவத்தில் மின்னோட்டம் பரவுவதால் அடுத்தடுத்த முனைகளின் செய்தியும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. ஒலியை நான்கே பட்டைகளாகப் பிரித்து அளித்தாலும் அமைதியில் பேச்சு பெரிதும் விளங்கும் என்று ராபர்ட் ஷானன் குழுவினர் 1995ஆம் ஆண்டு ஆய்வில் காட்டினர். இரைச்சலிலோ அதனினும் மிகுதியான பட்டைகள் வேண்டும். குரலின் சுருதியும் தெளிவாகக் கிட்டாமையால், பலர் பேசுமிடத்தில் ஒருவர் குரலைத் தனியே பிரித்தறிதல் அரிதாகிறது.

இதற்கு வழிகள் உள்ளன. முன்னிருந்து வரும் ஒலியை மிகுதியாக ஏற்கும் மைக், இரு காதுகளிலும் கேட்கும் ஏற்பாடு, தொடர்ந்த செவிப்பயிற்சி ஆகியவை துணைபுரியும். இவற்றினும் பெரும்பயன் தருவது, ஆசிரியர் சட்டையில் அணியும் கம்பியில்லா மைக். அது வகுப்பின் இரைச்சலைக் கடந்து அவர் குரலை நேரே கருவிக்கு அனுப்புகிறது. செலவில்லாத வழியும் ஒன்றுண்டு: அருகில் செல்லுதல். திறந்த வெளியில் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும்.

நிர்வாகத்திற்கு என் வேண்டுகோள் இதுவே. நமது கூடத்தின் தரையோரமாகச் சுற்றுக்கம்பி ஒன்றைப் பதித்து, அதற்கென உரிய ஆம்ப்ளிஃபையர் வழியே மைக்குடன் இணைத்தால், டெலிகாயில் வசதியுள்ள கருவி அணிந்தோருக்குப் பயான் எதிரொலியின்றி நேரே சென்று சேரும். சாதாரணக் காதுகேள் கருவி அணியும் முதியோர் பலரும் அதனால் பயனடைவர். ஒலிபெருக்கியின் சத்தத்தை மட்டும் கூட்டுவது இதற்கு ஈடாகாது. எதிரொலியும் உடன் கூடிவிடும்.

நாம் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. "என்ன சொன்னீர்கள்?" என்று அவர்கள் மீண்டும் கேட்கும்போது, "ஒன்றுமில்லை, விடு" என்று கூறாதிருப்போம். முகம் பார்த்து, நிதானமாக, மறுமுறை சொல்வோம்.