குடிக்காதவருக்கும் சிகிச்சை

குடிநோய்க்குக் கணவரை இளம் வயதிலேயே பறிகொடுத்தவர் சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன். அவர் கணவர் பெயரில் 1980-இல் தொடங்கிய நிறுவனம்தான், இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று பலரும் அறிந்த போதை மீட்பு மையம்.

அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. அது மிகச் சரி என்பேன். சம்பள நாளன்று வயிற்றைப் பிசையும் பயம், அடகுக்கடைக்குப் போன நகை, கல்யாண வீட்டுக்குப் போகவே கூச்சம், சாமி முன் நின்றாலும் எதை வேண்டுவது என்றே தெரியாத வெறுமை... இத்தனையும், குடிப்பவரோடு வாழும், குடிக்காத மனைவியின் நோய். அவளிடமே போய், "நீ கண்டிக்கக் கூடாதா?" என்று கேட்கிறோமே, அது கொடுமை.

போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்றில்லை; வீட்டிலுள்ளவர்களும் அழைக்கலாம்.